பட்டியல் முடிந்ததா?

திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவியர் மூவர் ‘நாம் சுவாசிக்கும் காற்று’ என்ற தலைப்பில் ஒரு பெரிய அட்டையை வைத்திருந்தனர். இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து தாங்களே சிறிய நிரல் எழுதி எடுத்த அளவுகள் அதில் இருந்தன. வரைபடம் அழகாக இருந்தது. வண்ணங்களும் பொருத்தமாக இருந்தன. ஆனால் அட்டையின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்த முடிவு என்னைத் திடுக்கிட வைத்தது.

‘சென்னையில் காற்றை அளக்கும் நிலையங்கள் இரண்டே. ஆலந்தூர், அரும்பாக்கம். வட சென்னையில் ஒன்றுகூட இல்லை!’

மணலியில் நிலையம் உண்டு, இராயபுரத்தில் உண்டு, கொடுங்கையூரிலும் உண்டு. மணலி நிலையம் அந்தப் பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. “எப்படி அம்மா இந்த முடிவுக்கு வந்தீர்கள்?” என்று கேட்டேன். “சென்னை என்று கேட்டோம் சார். பத்து வரி வந்தது. அதில் இந்த இரண்டு பெயர்தான் இருந்தது” என்றார் ஒரு மாணவி.

நான் பதில் சொல்வதற்குள், பேத்தியின் அட்டையைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் குறுக்கிட்டார். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது சரக்குகளை எண்ணிக் குறிக்கும் எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “பத்து வந்துச்சு சரிம்மா. மொத்தம் எத்தினின்னு கேட்டியா? கப்பல்ல எத்தினி மூட்டைன்னு மேனிபெஸ்ட்ல எழுதியிருக்கும். அதப் பாக்காம கரைக்கு வந்த சிலிங்கை மட்டும் எண்ணினா, எப்ப நிறுத்துறதுன்னு எப்படித் தெரியும்?” என்றார்.

கணிப்பொறி படித்தவரல்லர் அவர். ஆயினும் பிழை எங்கே இருக்கிறது என்பதை அவர் ஒரே கேள்வியில் சுட்டிவிட்டார். அந்தக் கேள்வியின் பொருளைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

கணிப்பொறியிடம் கேட்பது எப்படி?

நாம் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் படங்களும் பொத்தான்களும் தெரிகின்றன. அவை மனிதர் கண்ணுக்காக அமைக்கப்பட்டவை. ஒரு நிரல் மற்றொரு கணிப்பொறியிடம் தகவல் கேட்பதற்கு இத்தகைய அலங்காரம் தேவையில்லை. ‘இன்ன முகவரியில், இன்ன முறையில் கேட்டால், இன்ன வடிவில் விடை தருவேன்’ என்ற ஓர் ஒப்பந்தம் இருந்தால் போதும். இந்த ஒப்பந்தத்திற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டைப் போன்றது இது. கட்டங்களைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால் உள்ளிருந்து விடை வருகிறது. உள்ளே யார், எங்கே, எந்த அலமாரியைத் திறந்தார்கள் என்பது நமக்குத் தேவையில்லை.

‘மேகச் சேவை’ என்று சொல்கிறார்களே, அதில் உண்மையில் மேகம் எதுவும் இல்லை. பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கி வைத்து, அவற்றின் சேமிப்பிடத்தையும் உழைப்பையும் வாடகைக்கு விடுகிறார்கள். நாம் ஏ.பி.ஐ. மூலமாக அவற்றோடு பேசுகிறோம். அவ்வளவே.

நம் மாணவியர் அணுகிய அரசுத் தளமும் இப்படி ஓர் ஏ.பி.ஐ. வைத்திருக்கிறது. நாடெங்கும் உள்ள நிலையங்களின் அளவுகள் அதில் வரி வரியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் மாநிலம், நகரம், நிலையத்தின் பெயர், கடைசியாகப் புதுப்பித்த நேரம், மாசுப் பொருளின் பெயர், அதன் குறைந்த அளவு, மிகுந்த அளவு, சராசரி ஆகியவை இருக்கும். ஒரு வரிக்கு ஒரு மாசுப் பொருள்தான். பி.எம். 2.5, பி.எம். 10 என்னும் இருவகை நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா என்று ஒரு நிலையத்திற்கு ஏழு வரிகள் வரை வரலாம்.

ஏன் முழுவதையும் ஒரே தடவையில் தருவதில்லை?

பதிவு செய்து சொந்தச் சாவி பெறாதவர்கள் பழகிப் பார்ப்பதற்கென்று அத்தளம் ஒரு மாதிரிச் சாவியைத் தருகிறது. அந்தச் சாவியால் ஒரு தடவைக்குப் பத்து வரிகளுக்கு மேல் பெற முடியாது. மாணவியர் பயன்படுத்தியது இந்தச் சாவியைத்தான்.

இதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. பெரிய சேவைகள் எல்லாமே இப்படிப் பகுதி பகுதியாகத்தான் தருகின்றன. அமேசான் நிறுவனம் 2006-இல் தொடங்கிய எஸ்-3 என்னும் சேமிப்புக் கிடங்கில் கோப்புகளின் பட்டியலைக் கேட்டால், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 பெயர்களே வரும். கிட்ஹப் என்னும் நிரல் களஞ்சியம், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலான பட்டியல்களில் 30 வரிகளைத் தருகிறது. கூடுதலாகக் கேட்டால் 100 வரை கொடுக்கும். யூடியூபின் தேடல் சேவை சாதாரணமாக 5 விடைகளையும், கேட்டால் 50 வரையும் தருகிறது.

காரணம் என்ன? கப்பலை நினைத்துப் பாருங்கள். கண்டெய்னர் பெட்டிகள் பரவலாவதற்கு முன்பு, மூட்டைகளை ஒரு கயிற்றுச் சிலிங்கில் கட்டிப் பாரந்தூக்கியால் இறக்குவார்கள். கப்பலில் பல்லாயிரம் மூட்டைகள் இருக்கலாம். ஆனால் பாரந்தூக்கியின் கொக்கி ஓர் எல்லைக்கு மேல் தாங்காது. கரையில் அடுக்கும் இடமும் அளவுக்கு உட்பட்டதே. கணிப்பொறிக்கும் நினைவகம், நேரம், இணைப்பின் கொள்ளளவு ஆகிய மூன்று எல்லைகள் உண்டு. கோடி வரிகளை ஒரே மூச்சில் அனுப்ப முயன்றால், நடுவில் இணைப்பு அறுந்து முழு உழைப்பும் வீணாகும். ஒருவர் கேட்டதைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற ஆயிரம் பேரும் காத்து நிற்க நேரும். ஆகவே ஒரு சிலிங், பிறகு அடுத்த சிலிங் என்று பிரித்துத் தருகிறார்கள். இந்தப் பிரிவுக்குப் ‘பக்கம்’ என்று பெயர்.

முதல் பக்கத்தில் எது தொலைந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலந்தூர், அரும்பாக்கம், கொடுங்கையூர், மணலி, மணலி கிராமம், பெருங்குடி, இராயபுரம், வேளச்சேரி என எட்டு நிலையங்களை எடுத்துக் கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் ஏழு வரிகள் என்றும், அவை ஆங்கில அகர வரிசையில் வருகின்றன என்றும் வைத்துக் கொள்வோம். மொத்தம் 8 × 7 = 56 வரிகள். (உண்மையில் ஒரு கருவி பழுதானாலும் எண்ணிக்கை சற்று மாறும், கணக்கின் போக்கு மாறாது.)

முதல் பக்கத்தின் பத்து வரிகளில் ஆலந்தூரின் 7 வரிகளும் அரும்பாக்கத்தின் 3 வரிகளும் அடங்கிவிடும். கொடுங்கையூர் 15-ஆம் வரியில்தான் தொடங்குகிறது. மணலி 22-ஆம் வரியில். இராயபுரம் 43-ஆம் வரியில். வட சென்னை முழுவதும் முதல் பக்கத்திற்கு வெளியே நின்றுவிட்டது! அரும்பாக்கமும் முழுதாக வரவில்லை. அதன் நான்கு வரிகள் அடுத்த பக்கத்தில் இருக்கின்றன. அந்த நான்கில் அம்மோனியா இருந்தால், ‘அரும்பாக்கத்தில் அம்மோனியா அளக்கப்படுவதில்லை’ என்று இன்னொரு தவறான முடிவும் எழுதப்பட்டிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வந்த பத்து வரிகளில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் சரியான எண்கள். சேவை பழுதாகவில்லை, நிரல் நின்றுபோகவில்லை, சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. அரைப் பட்டியல் தன்னை அரைப் பட்டியல் என்று உரக்கச் சொல்லிக் கொள்வதில்லை. பார்வைக்கு அது முழுப் பட்டியலைப் போலவே இருக்கும்.

ஆய்வகத்தில் நீங்கள் அம்மீட்டர் பயன்படுத்தியிருப்பீர்கள். 0 முதல் 10 ஆம்பியர் வரை அளக்கும் கருவியின் முள் சரியாக 10-இல் போய் முட்டி நின்றால், ‘மின்னோட்டம் 10 ஆம்பியர்’ என்று குறித்து வைப்பீர்களா? மாட்டீர்கள். கருவியின் எல்லையை எட்டிவிட்டது, உண்மையான மின்னோட்டம் இதற்கு மேலும் இருக்கலாம் என்று ஐயப்படுவீர்கள். பட்டியலும் அப்படியே. ஒரு தடவைக்கு எல்லை 10 என்னும்போது சரியாக 10 வரிகள் வந்தால், எல்லை 1000 என்னும்போது சரியாக 1000 வந்தால், முள் முட்டி நிற்கிறது என்று பொருள்.

அந்தத் தளத்தின் விடையை மாணவியரோடு சேர்ந்து மீண்டும் பார்த்தேன். வரிகளுக்கு மேலே ‘டோட்டல்’, ‘கவுண்ட்’, ‘லிமிட்’, ‘ஆஃப்செட்’ என்று நான்கு சொற்கள் இருந்தன. டோட்டல் என்பது நம் கேள்விக்குப் பொருந்தும் மொத்த வரிகள். பெரியவர் சொன்ன மேனிபெஸ்ட் அதுதான். கவுண்ட் என்பது இப்போது வந்தவை. லிமிட் என்பது ஒரு தடவைக்கான எல்லை. ஆஃப்செட் என்பது முன்னால் எத்தனை வரிகளைத் தாண்டிவிட்டு எடுக்க வேண்டும் என்பது. முதலில் 0, அடுத்து 10, 20, 30, 40, 50. நம் கணக்கின்படி ஆறு தடவை கேட்டால் 10 + 10 + 10 + 10 + 10 + 6 = 56. கணக்கு நேராகிவிட்டது. எல்லாம் விடையிலேயே இருந்தன. மாணவியர் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே இருந்ததை விட்டுவிட்டனர்.

விடுபட்ட வரிகளின் விலை

‘ஒரு பள்ளி அட்டையில் சில வரிகள் விட்டுப்போனால் என்ன?’ என்று தோன்றலாம். 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தின் அருகே கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய இரவுக்குப் பிறகு, ‘சென்னையின் காற்றில் அம்மோனியா எங்கே, எவ்வளவு?’ என்று ஒருவர் பட்டியலைக் கேட்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் பக்கத்தோடு அவர் நின்றுவிட்டால், ஆலந்தூரின் அளவை வைத்துக்கொண்டு சென்னை முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடுவார். ‘தெரியவில்லை’ என்பது ‘இல்லை’ என்று மாறிவிடும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடுதான் அறிவியல்.

பட்டியல் சத்தமின்றி அறுந்ததால் ஒரு நாடே இடர்ப்பட்டதும் உண்டு. 2020-இல் கோவிட் பரவியபோது இங்கிலாந்தில், ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்செல் கோப்புகளில் ஏற்றியது. அவ்வகைக் கோப்பின் ஒரு தாளில் 65,536 வரிகளே கொள்ளும். இது 2-இன் 16-ஆம் அடுக்கு என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேற்பட்ட வரிகள் ஏறவில்லை. இதனால் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையான நாட்களில் 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். சோதனை செய்து கொண்டவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி நாட்கணக்கில் தாமதமாயிற்று. தொற்றுநோய்க் காலத்தில் ஒரு நாள் தாமதமும் பெரிது. அங்கும் எந்த எண்ணும் தவறானதல்ல. இருந்தவை எல்லாம் சரி, இல்லாதவைதான் பிழை.

நல்ல வடிவமைப்புக்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியல் சேவை ஒரு கேள்விக்கு 20,000 நிகழ்ச்சிகள் வரையே தரும். நம் கேள்விக்கு அதைவிட அதிகமான விடைகள் இருந்தால், முதல் இருபதாயிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாது. ‘கேள்வி தவறு’ என்று பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். காலத்தையோ இடத்தையோ குறுக்கிக் கேட்டாக வேண்டும். தொல்லைதான், ஆனால் ஏமாற்றமில்லை.

நகரும் வரிசை

இனி சற்றுக் கடினமான ஒரு சிக்கலைக் காண்போம். நாம் பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மாறினால் என்ன ஆகும்?

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் நிற்பதை வட சென்னை மாணவர்கள் நன்கு அறிவார்கள். 40 லாரிகள் நிற்கின்றன என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் வாயிலிலிருந்து தொடங்கி முதல் 10 லாரிகளின் எண்களைக் குறித்துக் கொள்கிறீர்கள். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முன்னால் நின்ற 3 லாரிகள் உள்ளே போய்விட்டன. இப்போது ‘11-ஆவது லாரியிலிருந்து தொடங்குவோம்’ என்று வாயிலிலிருந்து எண்ணிச் சென்றால், அங்கே நிற்பது பழைய 14-ஆவது லாரி. பழைய 11, 12, 13 ஆகியவை முன்னே நகர்ந்துவிட்டன. அவை உங்கள் குறிப்பில் ஏறவே ஏறா. மாறாக, 3 லாரிகள் முன்னால் புகுந்திருந்தால், நீங்கள் முன்பே குறித்த 8, 9, 10 ஆகியவை 11, 12, 13-ஆம் இடங்களுக்கு வந்து இரண்டாம் தடவை குறிக்கப்படும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மூன்று லாரிகள் உள்ளே போன நிலையில் கடைசி வரை எண்ணிவிட்டீர்கள். முதலில் குறித்தவை 10, பிறகு குறித்தவை 27, மொத்தம் 37. வாயிற்காவலரிடம் ‘இப்போது எத்தனை லாரிகள்?’ என்று கேட்டால் அவரும் 37 என்பார். கணக்கு நேராகிவிட்டது! ஆனால் பட்டியல் தவறு. உள்ளே போய்விட்ட மூன்று அதில் இருக்கின்றன. வெளியே நிற்கும் மூன்று இல்லை. ஆகவே மொத்தம் ஒத்துப்போவது தேவையான சோதனை. மாறும் பட்டியலுக்கு அது மட்டும் போதுமான சோதனை ஆகாது.

இதற்கு வழி என்ன? ‘எத்தனையாவது இடம்’ என்று எண்ணாமல், ‘யாருக்குப் பின்’ என்று கேட்பதே வழி. வந்து சேரும் ஒவ்வொரு லாரிக்கும் வரிசை எண் எழுதிய சீட்டுக் கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். நீங்கள் கடைசியாகக் குறித்தது 10-ஆம் எண் சீட்டு. இப்போது ‘10-க்கு மேற்பட்ட சீட்டு உடையவர்கள் யார்?’ என்று கேளுங்கள். முன்னால் எத்தனை லாரிகள் போனாலும், 10-ஆம் எண்ணே போய்விட்டாலும், விடை 11 முதல்தான் தொடங்கும். புதிதாக வருபவை பெரிய எண்ணோடு கடைசியில் சேரும். எதுவும் விடுபடாது, எதுவும் இரட்டிக்காது.

தொடர்ச் சீட்டு

பல மேகச் சேவைகள் இதே கருத்தைக் கையாளுகின்றன. ஒரு பக்கத்தோடு கூடவே ‘மீதி இதற்குப் பின்’ என்று ஒரு தொடர்ச் சீட்டையும் அனுப்புகின்றன. அது நமக்குப் புரியாத எழுத்துக் கோவையாக இருக்கும்; புரிய வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த தடவை கேட்கும்போது அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். எஸ்-3 கிடங்கின் விடையில் ‘இது அறுபட்ட பட்டியலா?’ என்னும் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற குறிப்பு இருக்கும். ஆம் என்றால் தொடர்ச் சீட்டும் உடன் வரும். மொத்தக் கிடங்கில் எத்தனை கோப்புகள் என்பதை அந்த விடை சொல்வதில்லை. அங்கே மேனிபெஸ்ட் கிடையாது. சீட்டு ஒன்றே சான்று. யூடியூப் சேவையில் மொத்தம் என்று ஓர் எண் வருகிறது. ஆனால் அது தோராயமானது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அங்கும் அடுத்த பக்கத்திற்கான சீட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே எப்போது நிறுத்துவது? ‘சீட்டு வராதபோது’ என்பதே சரியான விடை. ‘பக்கம் காலியாக வந்தபோது’ என்று சிலர் எழுதுவார்கள். அது பிழை. அமேசானின் டைனமோ டி.பி. என்னும் தரவுக் கிடங்கை உதாரணமாகக் கொள்வோம். ‘இன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் தா’ என்று முழுக் கிடங்கையும் அலசச் சொன்னால், அது ஒரு தடவைக்கு ஒரு மெகாபைட் அளவே படிக்கும். படித்து முடித்த பிறகுதான் பொருந்தாதவற்றைக் கழிக்கும். ஒரு மெகாபைட்டில் பொருந்தும் வரி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அப்போது நமக்கு வருவது காலிப் பக்கம். ஆனால் அதோடு தொடர்ச் சீட்டும் வரும். ஒரு சிலிங்கில் நம் வணிகரின் மூட்டை ஒன்றும் இல்லை என்பதால் கப்பலே காலி என்று சொல்லிவிட முடியுமா?

இடையில் அறுந்தால்?

நாலாம் பக்கம் கேட்கும்போது இணைப்பு அறுந்துவிட்டது. ஐந்தாம் பக்கத்திற்குத் தாவிவிடக் கூடாது. நாலாம் பக்கத்தையே மறுபடி கேட்க வேண்டும். சில சமயம் சேவை 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். ‘மிக வேகமாகக் கேட்கிறீர்கள், சற்றுப் பொறுங்கள்’ என்பது அதன் பொருள். அப்போது ஒரு வினாடி பொறுத்துக் கேட்கலாம். மறுபடியும் 429 வந்தால் 2 வினாடி, பிறகு 4, பிறகு 8 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது வழக்கம். எத்தனை தடவை முயன்றும் கிடைக்கவில்லையானால், ‘பட்டியல் முழுமையாகவில்லை’ என்று நிரல் வெளிப்படையாகச் சொல்லி நிற்க வேண்டும். கிடைத்தவரை போதும் என்று வரைபடம் போடக் கூடாது.

மேலே கண்டவற்றை ஒரு வழிமுறையாகத் தொகுப்போம்.

1. வெறும் பெட்டியோடு தொடங்கு.
2. ஒரு பக்கம் கேள். வராவிட்டால் பொறுத்து, அதே பக்கத்தை மறுபடி கேள்.
3. வந்த வரிகளைப் பெட்டியில் போடு. ஏற்கெனவே உள்ள வரியானால் மறுபடி போடாதே.
4. தொடர்ச் சீட்டு இருந்தால் அதைக் கொடுத்து 2-ஆம் படிக்குப் போ. சீட்டு முறை இல்லாத சேவையானால், மொத்தத்தை எட்டும்வரை ஆஃப்செட்டைக் கூட்டிக்கொண்டு போ.
5. முந்திய தடவை வந்த அதே சீட்டு மறுபடி வந்தால் நிறுத்து, எங்கோ பிழை. இல்லாவிட்டால் நிரல் செக்கு மாடு போல் சுற்றிக்கொண்டே இருக்கும்.
6. முடிந்தபின் பெட்டியை எண்ணு. மொத்தம் தரப்பட்டிருந்தால் ஒப்பிடு.
7. வரிகளின் நேரத்தைப் பார்.

கடைசிப் படி எதற்கு? காற்று அளவுகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்பு கேட்கத் தொடங்கினால், முதல் பக்கங்களில் முந்திய மணியின் அளவும் பின் பக்கங்களில் அடுத்த மணியின் அளவும் கலந்துவிடலாம். புதுப்பித்த நேரத்தை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை அகர வரிசையில் எழுதி ஒரு மாணவரிடம் கொடுங்கள். அவர்தான் சேவை. கேட்பவருக்கு ஒரு தடவைக்கு ஏழு பெயர்களே தர வேண்டும். முதலில் இட எண்ணைச் சொல்லி (‘7-க்குப் பின் உள்ளவை’, ‘14-க்குப் பின் உள்ளவை’) முழுப் பட்டியலையும் கேட்டு எழுதுங்கள். இரண்டாம் முறை, நடுவில் சேவை மாணவர் யாருக்கும் சொல்லாமல் பட்டியலின் தலைப்பில் ஒரு புதுப் பெயரைச் சேர்க்கட்டும். எந்தப் பெயர் இரட்டித்தது? மூன்றாம் முறை, முதல் பெயரை அடித்துவிடட்டும். எந்தப் பெயர் காணாமல் போயிற்று? நாலாம் முறை, இட எண்ணுக்குப் பதிலாகக் கடைசியாக வந்த பெயரைச் சொல்லி ‘இவருக்குப் பின் உள்ளவர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பட்டியல்களையும் ஒப்பிட்டால் இக்கட்டுரை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

நான் சொன்ன கண்காட்சியில் மதிய உணவு இடைவேளைக்குள் அம்மூவரும் நிரலைத் திருத்திவிட்டார்கள். அட்டையில் மணலியும் கொடுங்கையூரும் இராயபுரமும் ஏறின. சிவப்பு மை வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘கேட்ட நேரம், மொத்த வரிகள், பெற்ற வரிகள்’ என்று மூன்று எண்களை ஓரத்தில் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த ஓரம்தான். பரிசுக்கு மதிப்பெண் போடும்போது அதற்கும் சேர்த்தே போட்டேன்.

பெரியவர் கிளம்பும்போது பேத்தியிடம், “இப்ப டாலி ஆச்சா?” என்று கேட்டார். “ஆச்சு தாத்தா” என்றாள் அவள்.

நீங்களும் எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும், அதைக் கொண்டு ஒரு முடிவு எழுதுவதற்கு முன், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள்: பட்டியல் முடிந்ததா, அல்லது நான் நிறுத்திவிட்டேனா?